'வாரத்துல ஒருநாள்தானே மச்சான்?' - காலேஜ் மாணவர்களின் 'குவார்ட்டர்' கணக்கு எங்கே தப்பாகிறது?

"டெய்லி குடிக்கிறவன் இல்ல ப்ரோ, பார்ட்டின்னா மட்டும்தான்." "தம்மா? எக்ஸாம் டென்ஷனுக்கு ஒண்ணு ரெண்டு." கல்லூரி வாசல் டீக்கடையில் பத்து நிமிடம் நின்றால் இந்த இரண்டில் ஒன்றாவது காதில் விழும். தினமும் குடித்தால்தான் குடிகாரன், பாக்கெட் பாக்கெட்டாக ஊதினால்தான் அடிமை என்பது மாணவர்கள் பலரும் போட்டு வைத்திருக்கும் கணக்கு. மருத்துவ உலகம் போடும் கணக்கு வேறு.

ஒரு குவார்ட்டரில் என்ன இருக்கிறது?

நம்மூரில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் போன்ற சரக்குகளில் ஆல்கஹால் அளவு 42.8%. குவார்ட்டர் என்பது 180 மில்லி. கணக்குப் போட்டால் அதில் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது.

இந்த 60 கிராம் முக்கியமான எண். கடந்த 30 நாட்களில் ஒரே ஒரு தடவையாவது, ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடித்திருந்தால் அதை 'அவ்வப்போது நிகழும் அதீதக் குடி' என்ற வகையில் சேர்க்கிறது உலக சுகாதார அமைப்பு. அதாவது, மாதத்துக்கு ஒரு தடவை ஹாஸ்டல் ரூமில் தலைக்கு ஒரு குவார்ட்டர் அடிப்பவரும் அந்தக் கணக்கில் வந்துவிடுகிறார். 'எப்பவாவதுதான்' என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

"நான் பீர் மட்டும்தான்" என்பவர்களுக்கும் ஒரு தகவல். 8% உள்ள 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் சுமார் 41 கிராம் ஆல்கஹால். ஒன்றரை பாட்டில் குடித்தால் குவார்ட்டர் கணக்கு முடிந்தது.

பெண்களுக்கு இதே அளவு இன்னும் கூடுதலாகவே ஏறும். உடலில் நீரின் விகிதம் குறைவு என்பதால், அதே அளவு மது ரத்தத்தில் அதிக அடர்த்தியில் கலக்கிறது. 'அவனுக்குச் சமமா நானும்' என்ற போட்டியில் உடல் கலந்துகொள்வதில்லை.

தூங்கி எழுந்தால் தெளிந்துவிடுமா?

குளித்தாலும், கட்டங்காபி குடித்தாலும், எலுமிச்சைச் சாறு குடித்தாலும் கல்லீரல் தன் வேகத்தை மாற்றிக்கொள்வதில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான் அது வெளியேற்றும். ஆக, ஒரு குவார்ட்டர் முழுதாக இறங்க 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இரவு 12 மணிக்குப் பார்ட்டி முடிகிறது. காலை 5 மணிக்கு சூரிய உதயம் பார்க்க ஈசிஆரில் பைக் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் குவார்ட்டர் அடித்திருந்தால், அந்த நேரத்திலும் அவர் ரத்தத்தில் சட்ட வரம்பைத் தாண்டி ஆல்கஹால் இருக்க வாய்ப்பு அதிகம். வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். மீறினால் மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இல்லையென்றால் இரண்டும். இது போலீஸில் சிக்கினால். லாரியில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

'மட்டையாயிட்டான், தூங்கட்டும் விடு'

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். குடித்துவிட்டு விழுந்தவரை மல்லாக்கப் படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போவதுதான் ஆபத்திலேயே பெரிய ஆபத்து. கடைசியாகக் குடித்தது வயிற்றிலிருந்து ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். தூங்க ஆரம்பித்த பிறகும் போதை கூடலாம். அந்த நிலையில் வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு ரொம்ப மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது, உடம்பு சில்லிடுகிறது, உதடு நீலம் பாய்கிறது... இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் மோர், எலுமிச்சைச் சாறு எதையும் ஊற்றக் கூடாது.

வார்டனுக்குத் தெரிந்தால் சஸ்பெண்ட் செய்வார்கள் என்ற பயத்தில்தான் பல ரூம்களில் இது மறைக்கப்படுகிறது. உதவிக்குக் கூப்பிட்ட பையனையும் சேர்த்துத் தண்டிக்கும் கல்லூரிகள், அடுத்த முறை யாரும் கூப்பிடக் கூடாது என்றுதான் சொல்லிக்கொடுக்கின்றன.

சிகரெட் டென்ஷனைக் குறைக்கிறதா?

குறைப்பது போலத் தோன்றும். புகையை இழுத்த சுமார் 10 விநாடிகளில் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. ஏறிய அளவு ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகிறது. பழகிய மூளை அப்போதே அடுத்ததைக் கேட்க ஆரம்பிக்கும்: எரிச்சல், படபடப்பு, கவனச்சிதறல். அடுத்த சிகரெட் தணிப்பது பெரும்பாலும் இந்தப் படபடப்பைத்தான். 3 மணி நேர செமஸ்டர் தேர்வில் கடைசி ஒரு மணி நேரம் கை ஏன் பரபரக்கிறது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது.

2016-17ல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் இந்தப் பழக்கம் தொடங்கும் சராசரி வயது 18.9. ப்ளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கும் அதே வயது. முடிவெடுக்கும் பொறுப்பில் இருக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர்வதோ 25 வயதையொட்டி.

புகையும் இல்லை, வாடையும் இல்லை என்று வகுப்பிலேயே உதட்டுக்கடியில் வைத்துக்கொள்ளும் 'கூல் லிப்' பாக்கெட்டிலும் இருப்பது புகையிலைதான். தமிழகத்தில் தடை செய்யப்பட்ட பொருள் இது. நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என 2024ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கேட்டது. வேப் எனப்படும் இ-சிகரெட்டுக்கு 2019 முதல் நாடு முழுவதும் தடை. விற்றால் முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிகரெட் விற்க வயது வரம்பு 18. கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் விற்கவே கூடாது. இது 2003ஆம் ஆண்டுச் சட்டம். மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை. பல வாசல்களில் எல்லையைக் காட்ட மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமும் கடை ஓடினால், அந்த 200 ரூபாய் யாரையும் பயமுறுத்தவில்லை என்றுதான் அர்த்தம்.

மதுவுக்குத் தமிழகத்தில் 21 வயது. மூன்றாண்டு டிகிரி முடியும்வரை பெரும்பாலான மாணவர்கள் டாஸ்மாக் கவுன்ட்டரில் சட்டப்படி வாங்கவே முடியாது. ஆனால் சீனியர் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்!

விட நினைத்தால் யாரிடம் பேசுவது?

சிகரெட்டை நிறுத்தினால் முதல் 2, 3 நாட்கள்தான் ரொம்பக் கஷ்டம். அதன்பின் தவிப்பு படிப்படியாகக் குறைந்து, பெரும்பாலானோருக்கு 2 முதல் 4 வாரங்களில் அடங்கிவிடும். உதவிக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. சிகரெட் பாக்கெட்டின் எச்சரிக்கைப் படத்திலேயே இந்த எண்ணை அச்சிட்டிருக்கிறார்கள். லூஸில் ஒன்று, ரெண்டு என வாங்கும் மாணவர் கண்ணில்தான் அது படுவதேயில்லை.

மது, போதைப் பழக்கத்துக்கு 14446. மன அழுத்தம்தான் காரணம் என்றால் டெலி மானஸ் 14416, இது 24 மணி நேரமும் இயங்குகிறது. தினமும் குடித்துப் பழகியவர் மட்டும் தானாகத் திடீரென நிறுத்தக் கூடாது. கை நடுக்கத்தில் தொடங்கி வலிப்பு வரை போகலாம் என்பதால், முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துவதே பாதுகாப்பு.