கோப்பெங்கில் யார் யார் குடியேறினார்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போ எழும்புவதற்கு முன்பு கிந்தா பள்ளத்தாக்கின் பெரிய ஊர் கோப்பெங்தான். ஈப்போவிலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர் வந்து, பழைய கடைவீடுகள் வரிசைகட்டி நிற்கும் இந்தச் சின்ன ஊரைப் பார்க்கிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இன்று இங்கே வருகிற வெளியூர்க்காரர்களில் பலர் கம்பார் ஆற்றில் ரப்பர்ப் படகில் துள்ளிப் போகவோ, குவா தெம்புருங் குகைக்குள் நுழையவோ வருகிறவர்கள். 2009இல் கம்பார் தனி மாவட்டமானபோது கோப்பெங் அதன் கீழே போய்விட்டது. மூத்த ஊர் இளைய ஊரிடம் கைகட்டி நிற்கிறது.

இந்தச் சரிவுக்குக் காரணம் தேடினால் முதலில் ரயிலைத்தான் சொல்ல வேண்டும். 1890-களில் போட்ட பாதை ஈப்போ, பத்துகாஜா, கோத்தா பாரு, கம்பார் என்று மேற்கே ஒதுங்கிப் போனது. ஈயம் இங்கே தோண்டப்பட்டது. மூட்டை ஏறிய இடம் வேறு.

யார் முதலில் வந்தார்கள் என்று கேட்டால், வந்தவர் கணக்கிலேயே சேராதவர்கள் செமாய் மக்கள். மலைச்சரிவில் உலு கெரோவில் இன்றும் இருக்கிறார்கள். ராஃப்ளீசியா பூ பார்க்கப் போகிறவர்களுக்கு அவர்கள்தான் வழிகாட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சுமத்ராவிலிருந்து மண்டாயிலிங் மக்களும் ராவா மக்களும் ஈயம் தேடி வந்தார்கள். காடு திருத்தினார்கள், சூராவ் என்ற சிறு தொழுகைக்கூடம் கட்டினார்கள், டுரியான் நட்டார்கள். மரம் நட்ட இடம் கம்பம் என்ற கிராமமாகி, கம்பம் பிள்ளைகளுக்குப் போனது. நோன்புப் பெருநாள் நெருங்கும்போது புளுட் என்ற ஒட்டரிசி மாவும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் மூங்கிலில் அடைத்து நெருப்பில் வாட்டும் கெலமாய் என்ற பண்டம் இன்றும் கோப்பெங் ராவா வீடுகளின் அடையாளம்.

அடுத்தது சீனர்கள். இயூ கோங் என்பவர் 1879இல் இங்கே ஒரு மருந்துக்கடை வைத்தார். லம்பம் என்ற ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த கூலிகள் வலிக்கும் காய்ச்சலுக்கும் அபினையே நம்பிக் கிடந்தார்கள். அவர்களுக்குச் சீன மூலிகை மருந்து கொடுப்பதுதான் அவர் எண்ணம். அந்தக் கடைதான் இன்று சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் பெயர் சொல்லும் இயூ யான் சாங். பின்னாளில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில், 1950-க்குப் பிறகு, சிதறிக் கிடந்த சீனக் குடும்பங்களை முள்வேலிக்குள் கொண்டுவந்து அடைத்த புதுக்கிராமங்களில் கோப்பிசானும் ஒன்று. கட்டாயக் குடியேற்றம்தான், கொடுமைதான். ஆனாலும் வேலி போன பிறகு வீடு நின்றது, ஊர் நின்றது.

தமிழர் கதை இந்த இடத்தில்தான் பிரிகிறது. ரப்பர் விலை ஏறிய 1905-க்குப் பிறகு தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. கங்காணி தன் ஊருக்குப் போய் உறவுக்காரர்களையும் சேரிக்காரர்களையும் திரட்டி, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேற்றி, பினாங்கு வழியாகக் கொண்டுவந்தான். அவன் கூட்டி வந்த ஆட்களில் எத்தனை பேர் அன்றன்றைக்கு வேலைக்கு இறங்குகிறார்களோ, அத்தனை தலைக்காசு அவனுக்கு. ஆள் படுத்துவிட்டால் கங்காணிக்கு நட்டம். காய்ச்சலோடும் பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்கு ஏன் துரத்தினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

விடியும் முன் பெரட்டு, பிறகு உளியும் வாளியும், மரத்துக்கு மரம் பால் பிடிக்கும் மங்கு, மதியத்துக்குள் பால் ஸ்டோருக்குப் போய்ச் சேர வேண்டும். 1920-களின் இறுதியில் நிர்ணயக் கூலி ஆணுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது காசு என்ற அளவில் இருந்தது. பெண் வெட்டிய மரத்தில் பால் குறைவாக வந்ததாக யாரும் சொல்லவில்லை. குடியிருந்த லயம் என்ற வரிசைவீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரைதான் வீடு. ராவாக்காரருக்குக் கம்பம் அமைந்தது, சீனருக்குக் கடையும் பின்னர் புதுக்கிராமமும் அமைந்தன; தமிழர்களுக்கு அமைந்ததெல்லாம் தோட்டத்தின் பெயர்.

கோப்பெங்கிலிருந்து பத்துகாஜா போகும் வழியில் கெல்லி கோட்டை இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தன் ஊர்ப் பக்கத்துக் கெல்லாஸ் கிராமத்தின் பெயரையே கிந்தா கெல்லாஸ் தோட்டத்துக்கு வைத்தவர். அவரால் மட்டும் தன் ஊரை இங்கே எழுதிவைக்க முடிந்தது. 1915 வாக்கில் மாளிகை கட்டத் தொடங்கினார்; சென்னைப் பக்கத்திலிருந்து கொத்தனார்களை வரவழைத்தார். விஷக்காய்ச்சல் பரவி வேலையாட்கள் மடிந்தபோது, மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினால்தான் ஆகும் என்று மற்ற வேலையாட்கள் கேட்க, அவர் கட்டிக்கொடுத்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. கோயிலின் மேலே தெய்வங்களுக்கு நடுவில் வெள்ளை உடையில் தொப்பி போட்ட ஒரு துரையும் நிற்கிறார். 1926இல் லிஸ்பனில் அவர் இறந்துபோக, மாளிகை முடியாமலே நின்றுவிட்டது. இப்போது நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போகிறவர்களுக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் பேய்க்கதை. பேயை விட்டுவிட்டு அந்தக் கொத்தனார்களைப் பற்றிச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றும்.

1938இல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. 1941 டிசம்பர் கடைசியில் ஜப்பானியர் கோப்பெங்கைத் தாண்டிக் கம்பார் போருக்குப் போனார்கள். அதன் பின்னால் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆட்களை வாரிக்கொண்டு போனது. சுதந்திரத்தையொட்டித் தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டன. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. பலர் இந்தியாவுக்குப் பெட்டி கட்டினார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1985இல் ஈய விலை சரிந்ததில் லம்பங்களும் அடங்கின. தோண்டிய பள்ளங்கள் குளங்களாகிக் கிடக்கின்றன.

இன்றைக்குத் தமிழ்க் குடும்பங்கள் தாமான் என்ற புதுக் குடியிருப்புகளில் இருக்கின்றன. சொந்த வீடு, வாசலில் மாவிலைத் தோரணம், கேட்டுக்குள் கார். இந்த மாற்றத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. லயத்து ஒழுகலில் படுத்தவர்களுக்கு ஏக்கக் கதை எழுதத் தோன்றாது. தோட்டம் போனாலும் பள்ளிகள் பெயரை விடவில்லை. பத்து பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் தோட்டங்களைக் கட்டாயப்படுத்தியது. கிந்தா வேலி தோட்டத் தமிழ்ப்பள்ளி போன்ற பெயர்கள் அந்தக் காலத்து மிச்சம். கோயில்களின் நிலைமை அதைவிடச் சிக்கல். பேராக் முழுக்கத் தோட்டக் கோயில்கள் பல, கம்பெனி நிலத்தில் பட்டா இல்லாமல் எழும்பியவை. நிலம் கைமாறும்போதெல்லாம் பேச்சுவார்த்தை, மனு, இடமாற்றம்.

திருவிழாவுக்கு ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பழைய ஆட்கள் வருவார்கள். புதிதாகச் சந்திக்கும் இரண்டு பெரியவர்கள் பசியாறியதும் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி இப்போதும் “நீங்க எந்தத் தோட்டம்?” என்பதுதான். பதில் வந்ததும், எந்தக் கங்காணி, எந்தக் கிராணி (தோட்ட எழுத்தர்) என்று விசாரணை தொடங்கிவிடும். பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளையைக் கேட்டால் தாமான் பெயரைச் சொல்கிறான்.