மூளைக்காய்ச்சலும் மூளையின் காவலாளிகளும்

கோரக்பூர் ஒரு நகரம். உத்தரப் பிரதேச மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் உள்ளது. சுற்றிலும் நெல் வயல்கள். மழைக்காலம் வந்தால் எங்கு பார்த்தாலும் தண்ணீர் நிற்கும். நடவு முடிந்து பயிர் பச்சை பிடிக்கும். அந்தச் சமயத்தில் அங்குள்ள தாய்மார்களுக்குப் பயமும் தொடங்கும். பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சல் வரும் காலம் அது.

முதலில் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருக்கும். தலை வலிக்கும். வாந்தி வரும். சில நாட்களில் வலிப்பு வரும். பிள்ளை நினைவு தப்பிப் போகும். அழைத்தால் கண் திறக்காது.

2005-ஆம் ஆண்டில் கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் இந்த நோய் மிகவும் கடுமையாகப் பரவியது. 5,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது. 1,300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

இந்த நோய்க்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று பெயர். இது ஏன் மூளையைக் கெடுக்கிறது? அந்தக் கேட்டைத் தடுக்க முடியுமா? இதை அறிய நம் நாட்டில் பல ஆண்டுகளாக ஆராய்ச்சி நடந்து வருகிறது.

கொசு கொண்டு வரும் நோய்

ஜப்பான் நாட்டில் முதலில் கண்டறியப்பட்டதால் இதற்கு அந்தப் பெயர் வந்தது. 1924-ஆம் ஆண்டில் அங்கே இது பெரிதாகப் பரவியது. இந்தியாவில் இது முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1955-ஆம் ஆண்டு வேலூர்ப் பகுதியில் இதைக் கண்டுபிடித்தார்கள். 1973-இல் மேற்கு வங்காளத்தில் பெரிதாகப் பரவியது. 1978-இல் கோரக்பூர்ப் பகுதிக்கு வந்தது.

இந்த நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் கிருமி. கொக்கு, நாரை போன்ற நீர்ப் பறவைகளின் உடலில் இது இருக்கும். பன்றியின் உடலில் வேகமாகப் பெருகும். இவற்றைக் கடித்த கொசு பிறகு மனிதரைக் கடிக்கும். அப்போது வைரஸ் மனித உடலுக்குள் புகுந்துவிடும். இந்தக் கொசு நெல் வயலில் தேங்கிய நீரில் முட்டை இடும். மாலையிலும் இரவிலும் கடிக்கும்.

ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு இது நேராகத் தொற்றாது. ஆகவே நோயாளியைத் தொடுவதற்குப் பயப்பட வேண்டாம். அவரை ஒதுக்கி வைக்கவும் வேண்டாம்.

வைரஸ் புகுந்த எல்லோருக்கும் மூளைக்காய்ச்சல் வருவதில்லை. சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கடுமையாகிறது. ஆனால் அப்படி ஆனவர்களில் 100-க்கு 30 பேர் வரை இறக்கலாம். பிழைத்தவர்களிலும் பலருக்குக் கை கால் முடங்கும். சிலருக்குப் பேச்சு வராது. சிலருக்குப் படிப்பு ஏறாது. வீட்டில் ஒரு பிள்ளைக்கு இப்படி ஆனால் அந்தக் குடும்பமே வாழ்நாள் முழுவதும் துன்பப்படும்.

மூளைக்குள் என்ன இருக்கிறது?

மனித மூளையின் எடை சுமார் 1,400 கிராம். ஆனால் அதற்குள் சுமார் 8,600 கோடி நரம்பு உயிரணுக்கள் இருக்கின்றன. உயிரணு என்பது கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய துண்டு. செங்கற்களால் வீடு அமைவது போல உயிரணுக்களால் உடல் அமைந்துள்ளது.

நாம் நடப்பது, பேசுவது, நினைப்பது எல்லாம் நரம்பு உயிரணுக்களின் வேலை. தோலில் காயம் பட்டால் புதிய தோல் வளர்ந்துவிடும். நரம்பு உயிரணு அப்படி வளராது. மூளையில் செத்துப் போனவற்றின் இடத்தை நிரப்பப் பெரும்பாலும் புதியவை வருவதில்லை. அதனால்தான் மூளைக்கு வரும் கேடு பெரிய கேடு.

மூளையில் வேறு வகை உயிரணுக்களும் உண்டு. அவற்றில் ஒரு வகையின் பெயர் மைக்ரோகிளியா. இவற்றை மூளையின் காவலாளிகள் என்று சொல்லலாம். இவற்றை 1919-ஆம் ஆண்டில் தனியாக அடையாளம் காட்டியவர் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி ரியோ ஓர்டேகா.

இந்தக் காவலாளிகள் எந்நேரமும் மூளையைச் சுற்றிப் பார்த்தபடி இருக்கும். கிருமி வந்தால் பிடித்துத் தின்னும். செத்துப் போன உயிரணுக்களையும் அகற்றிச் சுத்தம் செய்யும்.

முள் குத்தினால் ஏன் வீங்குகிறது?

காலில் முள் குத்துகிறது. மறுநாள் அந்த இடம் சிவந்து போகிறது. வீங்குகிறது. தொட்டால் சுடுகிறது. வலிக்கிறது. இதற்கு அழற்சி என்று பெயர்.

இது உடல் போடும் சண்டை. முள்ளோடு கிருமி உள்ளே வந்துவிட்டது. அதைக் கொல்ல உடலின் காவல் உயிரணுக்கள் அங்கே கூடுகின்றன. சில ரசாயனப் பொருள்களைச் சுரக்கின்றன. அதனால்தான் வீக்கமும் சூடும் வருகின்றன. கிருமி அழிந்ததும் வீக்கம் வடிந்துவிடும்.

காலில் வீங்கினால் தோல் கொஞ்சம் இடம் கொடுக்கும். மூளையில் அப்படி இல்லை. தேங்காய்க்கு ஓடு போல மூளைக்கு மண்டை ஓடு இருக்கிறது. அது கடினமானது. மூளை வீங்கினால் விரிவதற்கு இடம் இல்லை. உள்ளேயே நசுங்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு தெருவில் குடிசை ஒன்று தீப்பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அணைக்க ஓடி வருகிறவர்கள் பதற்றத்தில் இருக்கிறார்கள். தீப்பிடிக்காத பக்கத்து வீட்டுக் கூரையையும் பிடுங்கி எறிகிறார்கள். தீயால் ஒரு வீடு போனது. அணைக்க வந்தவர்களால் நான்கு வீடுகள் போயின. மூளைக்காய்ச்சலிலும் இப்படி நடக்கிறதா? இதுதான் விஞ்ஞானிகளுக்கு எழுந்த கேள்வி.

ஆய்வுக்கூடத்தில் கண்டது என்ன?

அரியானா மாநிலத்தில் மானேசர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உள்ளது. 2003-ஆம் ஆண்டு அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அங்கே அனிர்பன் பாசு என்ற விஞ்ஞானியும் அவரோடு பணியாற்றியவர்களும் இந்தக் கேள்வியை ஆராய்ந்தார்கள்.

அவர்கள் சுண்டெலிகளுக்கு இந்த வைரஸை ஏற்றினார்கள். எலிகளுக்கு நோய் வந்தது. அவற்றின் மூளையைச் சோதித்தார்கள். காவலாளி உயிரணுக்கள் வெறி கொண்டது போல மாறியிருந்தன. அழற்சியை உண்டாக்கும் ரசாயனப் பொருள்கள் மிக அதிகமாகச் சுரந்திருந்தன.

அடுத்து, காவலாளி உயிரணுக்களை மட்டும் தனியாகத் தட்டில் வளர்த்தார்கள். அவற்றின் மேல் வைரஸை விட்டார்கள். அவை ஒரு நீரைச் சுரந்தன. அந்த நீரில் இருந்த வைரஸைச் செயல் இழக்கச் செய்தார்கள். பிறகு அந்த நீரை நல்ல நரம்பு உயிரணுக்களின் மேல் ஊற்றினார்கள்.

நரம்பு உயிரணுக்கள் செத்தன.

அந்த நீரில் உயிருள்ள வைரஸ் இல்லை. காவலாளிகள் சுரந்த பொருள்கள்தான் இருந்தன. ஆகவே ஓர் உண்மை புரிந்தது. வைரஸ் மூளையைக் கெடுக்கிறது. அதை எதிர்த்து எழும் அழற்சியும் மூளையைக் கெடுக்கிறது. இந்த முடிவு 2007-ஆம் ஆண்டு வெளிவந்தது.

பழைய மருந்துக்குப் புதிய வேலை

இந்த வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் காவலாளிகளின் வெறியை அடக்கினால் மூளையைக் காக்கலாம் அல்லவா? அதற்கு ஒரு மருந்து தேவைப்பட்டது.

மினோசைக்ளின் என்பது பழைய மருந்து. டெட்ராசைக்ளின் என்ற மருந்தின் இனத்தைச் சேர்ந்தது. முகப்பருவுக்கும் சில தொற்று நோய்களுக்கும் மருத்துவர்கள் இதைத் தருவது வழக்கம். இது மூளைக்குள் எளிதாகச் செல்லும். அழற்சியையும் குறைக்கும்.

மானேசர் விஞ்ஞானிகள் நோய் ஏற்றிய எலிகளுக்கு இதைக் கொடுத்தார்கள். நல்ல பலன் தெரிந்தது. மருந்து பெற்ற எலிகள் பிழைத்தன. அவற்றின் மூளையில் நரம்பு உயிரணுக்களின் சாவு குறைந்தது. காவலாளிகளின் வெறி தணிந்தது. 2008-ஆம் ஆண்டு இதை அவர்கள் வெளியிட்டார்கள்.

மனிதரிடம் சோதனை

எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்குமா? சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

உத்தரப் பிரதேசத்தின் தலைநகர் லக்னோ. அங்குள்ள கிங் ஜார்ஜ் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இந்தச் சோதனை நடந்தது. மூளைக்காய்ச்சலோடு வந்த 281 நோயாளிகள் இதில் சேர்க்கப்பட்டார்கள். எல்லோரும் மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். நோய் கண்ட ஏழு நாட்களுக்குள் வந்தவர்கள்.

அவர்களைக் குலுக்கல் போல இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் 140 பேர். அவர்களுக்கு மினோசைக்ளின் தரப்பட்டது. மற்றப் பிரிவில் 141 பேர். அவர்களுக்கு மருந்து போலத் தோன்றும், ஆனால் மருந்து இல்லாத ஒன்று தரப்பட்டது. வழக்கமான சிகிச்சை இரு பிரிவினருக்கும் கிடைத்தது.

ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும்? மருந்து சாப்பிட்ட ஒருவர் பிழைத்தால் அது மருந்தால்தானா என்று எப்படித் தெரியும்? மருந்து இல்லாமலே அவர் பிழைத்திருக்கலாம். இரு பிரிவையும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

முடிவு 2016-ஆம் ஆண்டு வெளிவந்தது. மூன்று மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களில் சாவு சற்றுக் குறைவாக இருந்தது. ஆனால் அந்த வேறுபாடு சிறியது. தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று சொல்லும் அளவில்தான் இருந்தது. மருத்துவமனைக்கு வந்த ஒரு நாளுக்குள் இறந்தவர்களை விட்டுவிட்டும் கணக்குப் பார்த்தார்கள். அப்போது பலன் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களிடமும் அப்படியே. அப்போதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஏன் இந்த வேறுபாடு?

ஆய்வுக்கூடத்தில் எலிக்கு வைரஸ் புகுந்த நாள் விஞ்ஞானிக்குத் தெரியும். உரிய நேரத்தில் மருந்தைத் தொடங்கலாம். மனிதருக்குக் கொசு கடித்த நாள் யாருக்குத் தெரியும்? கடித்து 4 முதல் 14 நாள் கழித்துத்தான் காய்ச்சலே வரும். பிறகு கிராமத்திலிருந்து வண்டி பிடித்து மருத்துவமனைக்கு வர வேண்டும். அதற்குள் எத்தனையோ நரம்பு உயிரணுக்கள் செத்திருக்கும். செத்ததை எந்த மருந்தும் எழுப்பாது.

இன்னொரு காரணமும் உண்டு. எல்லா எலிகளுக்கும் இருந்தது ஒரே நோய். மருத்துவமனைக்கு வருகிறவர்கள் அப்படி இல்லை. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகள் பல.

அப்படியானால் ஆராய்ச்சி வீணா? வீண் இல்லை. மூளை எப்படிக் கெடுகிறது என்பது தெரிந்தது. எதைத் தடுக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. இந்த வழியில் வேறு மருந்துகளையும் விஞ்ஞானிகள் தேடுகிறார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. மினோசைக்ளினைக் கடையில் நாமே வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. இந்த இனத்து மருந்துகள் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பற்களைக் கறையாக்கும். எந்த மருந்து யாருக்கு என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

கெட்ட மூளையைச் சீராக்குவது கடினம். கெடாமல் காப்பது எளிது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

2006-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இந்தத் தடுப்பூசி இயக்கம் நடக்கிறது. நோய் உள்ள மாவட்டங்களில் அரசு இதை இலவசமாகப் போடுகிறது. ஒன்பது மாதம் முடிந்ததும் முதல் ஊசி. 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது ஊசி. 2013-ஆம் ஆண்டில் நம் நாட்டிலேயே ஒரு தடுப்பூசி உருவானது. கர்நாடகத்தின் கோலார் பகுதியில் கிடைத்த வைரஸிலிருந்து அது தயாரானது.

வேறு சில வழிகளும் உண்டு.

மாலையில் குழந்தைகளுக்கு உடலை மூடும் உடை போடுங்கள்.

இரவில் கொசுவலைக்குள் தூங்கச் செய்யுங்கள்.

பன்றிகளை வீட்டுக்கு அருகில் அடைக்காதீர்கள்.

காய்ச்சலோடு வாந்தியோ வலிப்போ வந்தால் காத்திருக்காதீர்கள். குழப்பமாகப் பேசினாலும், தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாவிட்டாலும் அப்படியே. உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மந்திரிப்பது, வேப்பிலை அடிப்பது என்று நேரத்தைப் போக்காதீர்கள். வலிப்பு வந்த பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். தண்ணீரும் ஊற்றாதீர்கள்.

உடனே போவதால் ஒரு பெரிய நன்மை உண்டு. கோரக்பூரில் மூளைக்காய்ச்சல் என்று வந்த பிள்ளைகள் பலருக்கு இருந்தது உண்ணிக் காய்ச்சல் என்று பின்னால் தெரிந்தது. புதர்களில் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடிப்பதால் அது வரும். அதற்கு நல்ல மருந்து உண்டு. காய்ச்சலின் தொடக்கத்திலேயே கொடுத்தால் மூளை வரை நோய் போகாமல் தடுக்கலாம்.

விஞ்ஞானி ஆய்வுக்கூடத்தில் நேரத்தோடு போராடுகிறார். வீட்டில் அந்த நேரம் தாய் தந்தையர் கையில் இருக்கிறது. முதல் நாள் காய்ச்சலில் எடுத்து வைக்கும் அடி ஒரு பிள்ளையின் பேச்சையும் நடையையும் காக்கக் கூடும்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு எந்த எந்தத் தடுப்பூசிகள் போடப்படுகின்றன? கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு எழுதுங்கள்.

2. உங்கள் ஊரிலிருந்து மருத்துவமனைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது? இரவில் அவசரம் என்றால் வண்டிக்கு என்ன ஏற்பாடு?

3. எலிக்குப் பலித்த மருந்து என்பதற்காக அதை உடனே எல்லோருக்கும் கொடுக்கலாமா? ஏன்?