இரவு எங்கே தொடங்குகிறது?

நாள்காட்டியில் சூரியன் மறையும் நேரம் 6.20 என்று போட்டிருக்கிறது. அப்படியானால் 6.21-க்கு இரவா? வெளியே போய்ப் பாருங்கள். பந்து விளையாடலாம், மண்ணில் விழுந்த சில்லறையைக்கூடத் தேடி எடுத்துவிடலாம். சூரியன்தான் போயிருக்கிறது, வெளிச்சம் போகவில்லை.

இது காற்று செய்யும் வேலை. தரையில் நிற்கும் நமக்குச் சூரியன் மறைந்த பிறகும், உயரத்தில் இருக்கும் காற்றின் மேல் வெயில் பட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கிறது. அதில் ஒரு பங்கு நமக்கும் வந்து சேருகிறது. இந்தப் பொழுதுதான் அந்தி.

அந்தி எப்போது முடிந்து இரவாகிறது? அறிவியலாளர்கள் இதற்கு ஒரு கோடு போதாதென்று மூன்று கோடுகள் போட்டிருக்கிறார்கள்! சூரியன் தொடுவானத்துக்குக் கீழே எத்தனை டிகிரி இறங்கியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

முதல் கோடு 6 டிகிரி. அதுவரை விளக்கில்லாமல் வெளிவேலை பார்க்கலாம். இரண்டாவது 12 டிகிரி; இது கடலோடிகளுக்காக. நடுக்கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று அறிய, ஒரு விண்மீன் தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று செக்ஸ்டன்ட் கருவியால் அளப்பார்கள். சீக்கிரமே அளக்கப் பார்த்தால் விண்மீன் தெரியாது. தாமதித்தால் கடலும் வானமும் சேரும் கோடு இருளில் கரைந்துவிடும். இரண்டும் சேர்ந்து தெரியும் கொஞ்ச நேரத்துக்குள் அளந்து முடிக்க வேண்டும். மூன்றாவது 18 டிகிரி. அதற்குப் பிறகு வானத்தில் சூரிய ஒளியின் சாயல்கூட இருக்காது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் மிக மங்கலான விண்மீன்களைப் பார்க்கிறவர்களுக்கு அப்போதுதான் முழு இரவு.

எனக்குப் பிடித்த காட்சி வேறொன்று. மெரினாவில் மாலையில் நிற்கிறவர்கள் திரும்பி மேற்கே இருக்கும் சிவப்பைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் கடலைப் பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால், சூரியன் மறைந்த சில நிமிடங்களில் கடலுக்கு மேலே சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை எழும். அதன் தலைமேல் இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை. கீழே இருக்கும் சாம்பல் பட்டை மேகம் இல்லை, பூமியின் நிழல்! நாம் நிற்கும் இதே பூமி, தன் நிழலைக் காற்றின் மேல் விழச் செய்கிறது. சூரியன் இறங்க இறங்க அந்த நிழல் ஏறும். கொஞ்ச நேரத்தில் சிவப்பு வெளிறி, நிழலின் விளிம்பு எது, வானம் எது என்றே சொல்ல முடியாமல் போகும்.

நிலாவில் காற்று இல்லையென்றே சொல்லலாம். அதனால் அங்கே இப்படி அந்தி கிடையாது. அரைநிலா நாளில் பைனாகுலர் வழியாகப் பாருங்கள், வெளிச்சமும் இருட்டும் பளிச்சென்று பிரிந்து தெரியும்.

நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட நேராக இறங்குவதால் மூன்று கோடுகளையும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் தாண்டிவிடும். லண்டனில் அது சாய்வாக இறங்கும். ஜூன் மாத நள்ளிரவில்கூட அங்கே சூரியன் சுமார் 15 டிகிரிதான் இறங்கியிருக்கும். மூன்றாவது கோட்டை எட்டுவதற்குள் மறுபடி ஏறத் தொடங்கிவிடும். முழு இருட்டுக்காகக் காத்திருக்கும் அந்த ஊர்த் தொலைநோக்கிக்காரர்கள் பாவம், ஜூலை பாதி தாண்டும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.