பிள்ளைகளும் கொப்பியும் நானும்



என்னுடைய சிறுகதைத் தொகுதி 2023ஆம் ஆண்டு வெளிவந்தது. அப்போது எனக்கு வயது 51. இந்தப் புத்தகத்தை எழுத எவ்வளவு காலம் எடுத்தது என்று வெளியீட்டு விழாவில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள். மூன்று பிள்ளைகளை வளர்க்க எடுத்த காலம் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். புத்தகம் வந்த பிறகு தெரிந்தவர்களும் தெரியாதவர்களுமாகப் பல சகோதரிகள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "உங்களுக்கு எப்படி அக்கா நேரம் கிடைச்சது?" அவர்களில் சிலர் தாங்களும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் பத்து வருடமாக எழுதியதை அரிசிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது வலிகாமத்தில். எங்கள் ஊர் வாசிகசாலையில் பழைய 'மல்லிகை' இதழ்கள் கட்டுக் கட்டாக இருந்தன. டொமினிக் ஜீவா ஐயா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய இதழ் அது. சாதாரண ஆட்களின் பேச்சு அதில் அப்படியே அச்சாகியிருப்பதைக் கண்டபோது, எங்கள் வீட்டுக் கதையையும் எழுதலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது. பதினெட்டு வயதுக்குள் இரண்டு கொப்பி நிறைய எழுதிவிட்டேன். இன்று பார்த்தால் அவை நல்ல கதைகளாக இருந்திருக்காது. என்றாலும் பார்க்கும் வாய்ப்பு இல்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் நெருக்கியடித்துக்கொண்டு தென்மராட்சிக்குப் போனபோது, அந்தக் கொப்பிகள் வீட்டு அலுமாரியில் இருந்தன. 2002இல் பாதை திறந்த பிறகு போய்ப் பார்த்தேன். அலுமாரியும் இல்லை, அதற்கு மேலே கூரையும் இல்லை.

1996இல் கிளாலிக் கடலால் வன்னிக்கு வந்தோம். அந்த வருடமே கலியாணம். 1997இல் மகள் பிறந்தாள். 2000இல் மூத்த மகன், 2004இல் சின்னவன். இவர் மேசன் வேலை செய்தவர். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர், நான் எழுதியதை ஒரு நாளும் வாசித்ததும் இல்லை. ஆனால் சந்தைக்குப் போனால் ஒரு கொப்பி வாங்கி வருவார். கொப்பி அப்போது சும்மா கிடைக்கிற சாமான் இல்லை. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகிய காலம் ஒன்று இருந்தது, உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மண்ணெண்ணெய் அதைவிடப் பெரிய பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து எரித்த சிறிய விளக்கில் இரவில் எழுதுவேன். "எழுதுறதை எழுது, திரியை மட்டும் கொஞ்சம் இறக்கு" என்பார். வேறு எதுவும் சொன்னதில்லை.

2009 பங்குனியில் மாத்தளனில் அவரை இழந்தோம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வன்னியில் எழுதிய நான்கு கொப்பிகளையும் இடம்பெயர்ந்த இடமெல்லாம் சுமந்துகொண்டு திரிந்தேன். கடைசியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்க அடுப்பு மூட்ட ஒன்றும் இல்லாதபோது அவற்றைக் கிழித்துத்தான் நெருப்பு மூட்டினேன். கூறைச் சேலையையே மண்மூட்டை தைக்கக் கிழித்த நேரம் அது. இதைக் கேட்ட ஒரு எழுத்தாளர், "ஐயோ, எவ்வளவு பெரிய இழப்பு" என்று துக்கப்பட்டார். எனக்கு அந்தத் துக்கம் இல்லை. பிள்ளைகள் அன்று கஞ்சி குடித்தார்கள்.

மறுபடியும் எழுதத் தொடங்கியது மனிக்பாம் முகாமில். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அங்கே கொப்பிகள் கொடுத்தார்கள். மகனின் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து நான் எழுதி வந்தேன். அவன் முன்பக்கத்திலிருந்து கூட்டல் கழித்தல் செய்து வந்தான். இரண்டு பேரும் நடுவில் சந்தித்தபோது ஆசிரியையிடம் ஏச்சு வாங்கியவன் அவன்தான்.

2010இல் மீளக்குடியமர்ந்தோம். தறப்பாள் கொட்டில், மூன்று பிள்ளைகள், நிறுவனம் ஒன்று கொடுத்த தையல் மெசின். காலையில் நான்கரைக்கு எழும்பினால் தண்ணீர், சமையல், பிள்ளைகளை அனுப்புவது, தையல், பின்னேரம் தோட்டம் என்று இரவு ஒன்பதாகிவிடும். இதற்குள் எங்கே கதை எழுதுவது? ஒரு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் கிடைக்கட்டும், எழுதலாம் என்று இரண்டு வருடம் காத்திருந்தேன். அப்படி ஒரு மணித்தியாலம் வரவே இல்லை.

பிறகு ஒரு வழி பிடித்தேன். நாள்காட்டியில் தினமும் கிழிக்கிற தாளின் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கும்? அதை அடுப்படியில் பென்சிலோடு வைத்துக்கொண்டேன். சோறு கொதிக்கும்போது ஒரு வசனம். குழாயடியில் வரிசையில் நிற்கும்போது, யாரோ சொன்ன ஒரு பேச்சு. கிளினிக்கில் நம்பர் எடுத்துவிட்டுக் காத்திருக்கும்போது நாலு வரி. எல்லாவற்றையும் ஒரு வெற்றுப் பால்மா ரின்னுக்குள் போட்டு வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரின்னைக் கொட்டி, ஒன்றோடொன்று பொருந்துவதை எடுத்துக் கொப்பியில் எழுதுவேன். என் கதைகள் எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகளாக இருப்பதைப் புது உத்தி என்று ஒரு விமர்சகர் பாராட்டினார். உத்தியும் இல்லை ஒன்றும் இல்லை, நாள்காட்டித் தாளின் அளவு அவ்வளவுதான்.

ஆனால் இதில் நான் விட்ட பிழையையும் சொல்ல வேண்டும். 2012இல் ஒரு கதை என்னைப் பிடித்துக்கொண்டது. பின்னேரங்களில் தையலைக்கூடத் தள்ளி வைத்து எழுதினேன். சின்னவன் வந்து "அம்மா" என்பான். "பொறு ராசா" என்பேன். மறுபடி வருவான். "பொறு எண்டு சொன்னனான் எல்லோ?" என்பேன். அவன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான் என்பது எனக்குத் தெரிய ஒரு கிழமை எடுத்தது. தகப்பனில்லாத பிள்ளை, எட்டு வயது, திண்ணையில் தனியே இருந்து கல்லை எறிந்துகொண்டிருந்தான். அன்றைக்குக் கொப்பியை மூடினேன். பிள்ளைகள் பள்ளியால் வந்தது முதல் படுக்கும் வரை கொப்பி திறப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டேன். அதன் பிறகு எழுதியது விடியற்காலை மூன்றரை மணிக்குத்தான். அந்தக் கதை முடிய இன்னும் ஒரு வருடம் ஆனது. முடியத்தான் செய்தது.

ஊர் வாயும் சும்மா இருக்கவில்லை. "புருஷன் இல்லாத பொம்பிளை, விடியமுதல் லைற்றைப் போட்டு என்ன எழுதுறாள்?" என்று கேட்டார்கள். கடிதம் எழுதுகிறேன் என்று சிலர் முடிவே கட்டிவிட்டார்கள். மாமிதான் ஒரு நாள் கிணற்றடியில் எல்லோருக்கும் கேட்கும்படி, "அவள் கதை எழுதுறாள். உங்கட கதையளும் அதுக்குள்ள வரும், கவனமாக் கதையுங்கோ" என்றா. அதற்குப் பிறகு கொஞ்சம் அடங்கியது.

மனம் விட்டுப்போன நேரத்தில் எனக்குத் துணையாக இருந்தவை, இப்படி எழுதிய வேறு பெண்களின் கதைகள். பரந்தன் குமரபுரத்துத் தாமரைச்செல்வி அவர்களை நம்மில் பலர் வாசித்திருப்போம். வன்னி விவசாயக் குடும்பங்களின் வாழ்க்கையைச் சொன்ன அவருடைய 'பச்சை வயல் கனவு' நாவல் 2004இல் வந்தது. நமது வயலும் வாய்க்காலும் நாவலாகும் என்று காட்டியவர் அவர்.

இந்தியாவின் பேபி ஹல்தார் பற்றி அறிந்தபோது நான் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை. பதின்மூன்று வயது ஆகுமுன்பே கலியாணம் செய்து கொடுக்கப்பட்ட வங்காளப் பெண். அடி உதை தாங்காமல் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டில்லிக்கு ரயில் ஏறினார். குர்கானில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். பிரபல இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரனான பிரபோத் குமார் என்ற பேராசிரியரின் வீடு அது. புத்தக அலுமாரியைத் தூசி தட்டும்போது இந்தப் பெண் புத்தகங்களைப் புரட்டுவதை அவர் கவனித்தார். ஒரு கொப்பியும் பேனாவும் வாங்கிக் கொடுத்து, உன் வாழ்க்கையை எழுது என்றார். வேலை முடிந்து பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதினார் அவர். 2002இல் அது இந்தியில் புத்தகமாக வந்தது. 2006இல் ஆங்கிலத்திலும் வந்தது. பள்ளிப் படிப்பையே முடிக்காதவர் எழுதிய புத்தகம் அது.

அமெரிக்காவின் கறுப்பின எழுத்தாளர் ரொனி மொரிசனும் தனியாக இரண்டு ஆண் பிள்ளைகளை வளர்த்தவர். பதிப்பகம் ஒன்றில் வேலை. பிள்ளைகள் எழும்பமுதல் விடியற்காலையில் எழுதுவார். 1970இல் முதல் நாவல் வந்தபோது அவருக்கு 39 வயது. 1993இல் நோபல் பரிசு. ஒருமுறை அவர் எழுதிக்கொண்டிருந்த தாளிலேயே குழந்தை சத்தி எடுத்துவிட்டதாம். சத்தியைப் பிறகு துடைக்கலாம், வசனம் போனால் வராது என்று அதைச் சுற்றி எழுதினாராம். இதை என் மகளுக்குச் சொன்னபோது, "நல்ல காலம், எங்களை நீங்கள் துடைச்சனீங்கள்" என்றாள்.

முதல் கதையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். பதில் இல்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது அச்சில் வந்தது, என் பெயரைப் பிழையாகப் போட்டு. காசு கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறேன். நமது பிரதேச செயலகங்களில் கலாசார உத்தியோகத்தர் இருப்பார். அவர் மூலம் வருடாந்த இலக்கியப் போட்டிகளுக்கு யாரும் கதை, கவிதை அனுப்பலாம். என் கதை ஒன்று அங்கே பரிசு பெற்ற பிறகுதான் புத்தகம் போடும் துணிவு எனக்கு வந்தது. கதைகளைத் தெரிந்தெடுத்துக் கணினியில் அடித்துத் தரும்படி மகளிடம் கொடுத்தேன். 2022ஆம் ஆண்டு. அவளுக்கு 25 வயது. மொத்தம் பன்னிரண்டு கதைகள்.

மூன்றாம் நாள் இரவு அவள் கொப்பியோடு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"அம்மா, இந்தக் கதையைப் போடாதேங்கோ."

அது மாத்தளன் கதை. பங்கருக்குள் ஒரு சிறுமி தண்ணீர் கேட்கிறாள். தகப்பன் போத்தலை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போகிறார். திரும்பி வரவில்லை. நடந்ததைத்தான் எழுதியிருந்தேன். பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். என் கதைகளில் அதுதான் திறமானது என்று எனக்கு நினைப்பு.

"ஏன் பிள்ளை?"

"நான் தண்ணி கேட்டதாலதான் அப்பா போனவர் எண்டு எல்லாரும் வாசிக்கப்போகினம்."

பதின்மூன்று வருடம் அவள் அதை மனதுக்குள் வைத்திருந்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்த எனக்குத் தெரியாது. ஊர் முழுக்க ஆட்களின் பேச்சைக் கேட்டு எழுதிக்கொண்டு திரிந்த எனக்கு என் பிள்ளையின் மனம் கேட்கவில்லை. "நீ கேளாட்டிலும் அவர் போயிருப்பார். எல்லாருக்கும் விடாய். தம்பியும் அழுதுகொண்டிருந்தவன்" என்றேன். அன்று விடியும் வரை இரண்டு பேரும் கதைத்தோம். அவர் போன பிறகு நாங்கள் அவரைப் பற்றி அப்படிக் கதைத்தது அதுவே முதல் தடவை.

அடுத்த நாள் அந்தக் கதையை எடுத்துவிட்டேன். நல்ல கதையை ஏன் எடுத்தீர்கள், பெயரை மாற்றி ஊரை மாற்றிப் போட்டிருக்கலாமே என்று அறிந்தவர்கள் கேட்டார்கள். எதை மாற்றினாலும் அவளுக்குத் தெரியும். நம் வாழ்க்கையை எழுதும் உரிமை நமக்கு உண்டு என்று பெண்கள் கூட்டங்களில் பேசுகிறோம், நானும் பேசியிருக்கிறேன். ஆனால் என் வாழ்க்கைக்குள் பிள்ளைகளின் வாழ்க்கையும் கிடக்கிறது. அது எங்கே முடிந்து என்னுடையது எங்கே தொடங்குகிறது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. இப்போது பிள்ளைகள் வருகிற எதையும் முதலில் அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன். சின்னவன் எல்லாவற்றுக்கும் ஓம் என்பான். மூத்தவன் தன்னை எழுதவே வேண்டாம் என்று சொல்லிவிட்டான், எழுதுவதில்லை.

2022இல் நாட்டில் கடதாசித் தட்டுப்பாட்டால் பள்ளிப் பரீட்சைகளே தள்ளிப்போயின. அச்சகத்தில் முன்பு சொன்ன தொகை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஒரு வருடம் பொறுத்து, சீட்டுக் காசில் 300 பிரதிகள் அடித்தோம். புத்தகத்துக்கான ஐ.எஸ்.பி.என். இலக்கத்துக்கு விண்ணப்பிக்க வேண்டிய இடம் கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. பெரிய வேலை என்று பயப்பட வேண்டாம், மகள்தான் படிவம் நிரப்பினாள். வெளியீடு எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. நமது வழக்கப்படி வந்தவர்கள் கடித உறையில் புத்தக விலையைவிடக் கூடவே வைத்துத் தந்தார்கள். சீட்டுக் கடனில் பெரும்பகுதி அன்றே அடைந்தது. கிணற்றடியில் என்னைப் பேசியவர்களும் வந்து வாங்கினார்கள், தங்கள் கதை வந்திருக்கிறதா என்று பார்க்கவாக இருக்கும்.

தொகுதியில் பதினொரு கதைகள்தான். பன்னிரண்டாவது கதை எழுதிய கொப்பியை மகளிடமே கொடுத்துவிட்டேன். அதை அவள் என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.