நகர்ந்த எல்லை

மக்கள் எல்லையைக் கடந்து செல்வதுண்டு. எல்லையே மக்களைக் கடந்து சென்ற வரலாறும் உண்டு.

1845ஆம் ஆண்டில் டெக்சாஸ் அமெரிக்காவுடன் இணைந்தது. அதன் எல்லை நுவேசெஸ் ஆறு என்றது மெக்சிகோ. தெற்கே ஓடும் ரியோ கிராண்டே ஆறு என்றது அமெரிக்கா. 1846இல் போர் மூண்டது. மறு ஆண்டில் மெக்சிகோ நகரம் வீழ்ந்தது. 1848 பிப்ரவரி 2இல் குவாதலூப்பே இதால்கோ என்னுமிடத்தில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கலிபோர்னியா உள்ளிட்ட பெரும் நிலப்பரப்பு அமெரிக்காவின் வசமாயிற்று, மெக்சிகோ 1.5 கோடி டாலர் பெற்றது.

அந்நிலத்தில் வாழ்ந்த மெக்சிக மக்கள் ஓரடியும் பெயரவில்லை. ஆயினும் அவர்தம் நாடு மாறியது. உடன்படிக்கை அவர்களது நிலவுரிமையைக் காப்பதாக உறுதி கூறியது. எனினும், பின்னாளில் பலர் நிலத்தை இழந்தனர். ஸ்பானிய மொழியை மட்டும் அவர்கள் இழக்கவில்லை. அம்மொழி அவர்தம் வழித்தோன்றல் பலரின் இல்லங்களில் இன்றும் ஒலிக்கிறது.