ரோமச் செல்லும் ஏழு நாள் மருந்தும்

இரத்தப் புற்றுநோய் என்றதும், சில வாரங்களிலேயே ஆளைச் சாய்த்துவிடும் நோய்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதில் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வளரும் வகைகளும் உண்டு. அவற்றுள் மிக அரிதான ஒன்று 'ஹேரி செல் லூக்கீமியா'. நோயாளியின் ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பாருங்கள். சில வெள்ளையணுக்களின் விளிம்பில் ரோமம் போன்ற இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். உண்மையில் அவை ரோமம் அல்ல; செல்லின் மேலுறையே அப்படிப் பிதுங்கி நிற்கிறது. நூறு இரத்தப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ இருவருக்கே இந்நோய் வரும். அதுவும் பெரும்பாலும் நடுவயது ஆண்களுக்கு.

பெரு நாட்டில் பிறந்த பெர்த்தா பூரோங்க்ளே என்ற பெண் மருத்துவர், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது 1958-இல் இதைத் தனியொரு நோயாக விவரித்தார்.

இந்தச் செல்கள் என்ன கெடுதல் செய்கின்றன? எலும்பு மஜ்ஜையிலும் மண்ணீரலிலும் குடியேறி இடத்தை அடைத்துக்கொள்கின்றன. மஜ்ஜையில் நல்ல செல்கள் உற்பத்தியாவது குறைகிறது. சோகை வருகிறது, சிறு காயத்திலும் இரத்தம் நிற்பதில்லை, சாதாரணக் கிருமிகூட உயிருக்கு உலையாகிறது. மண்ணீரல் வீங்கி வயிற்றின் இடப்பக்கம் கைக்குத் தட்டுப்படும். ஆகவே அந்நாளில் மண்ணீரலை அறுத்து எடுத்தார்கள். கொஞ்ச காலம் நிம்மதி. மஜ்ஜையில் இருந்த நோய் அங்கேயே இருந்தது.

மற்றப் புற்றுநோய்களுக்குத் தரும் மருந்துகளைத் தரக்கூடாதா? அங்கேதான் சிக்கல். அவற்றில் பெரும்பாலானவை வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத் தாக்குபவை. ரோமச் செல்லோ சோம்பேறி, மெதுவாகத்தான் பிரியும். மருந்தில் அது தப்பிவிடும், மிஞ்சியிருந்த நல்ல செல்கள் மடிந்துவிடும்! 1984-இல் இன்டர்ஃபெரான் என்ற புரதம் ஓரளவு பலன் தந்தது. ஆயினும் நோய் முழுதும் மறைந்தவர்கள் சிலரே.

வழி பிறந்தது முற்றிலும் வேறொரு நோயிலிருந்து. நம் செல்களில் டி.என்.ஏ. சிதையும்போது டிஆக்ஸிஅடினோசின் என்ற கழிவு உண்டாகிறது. அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதி அதை மாற்றி அப்புறப்படுத்துகிறது. வீட்டுக்குச் சாக்கடை போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்த நொதி இல்லாமலே சில குழந்தைகள் பிறக்கிறார்கள் என்பது 1972-இல் தெரியவந்தது. அவர்களுடைய உடலில் கழிவு தேங்குகிறது. அதனால் முதலில் மடிவது லிம்ஃபோசைட் என்னும் வெள்ளையணுக்களே. ஓய்வாக இருக்கும் லிம்ஃபோசைட்டுகளும் இதற்குத் தப்புவதில்லை. கிருமிகளை எதிர்க்க வழியின்றி அக்குழந்தைகள் வாடுகின்றன.

ரோமச் செல்லும் லிம்ஃபோசைட் இனம்தானே? அப்படியானால் இதே கேட்டை அதன்மேல் ஏவிவிடலாமே! பென்டோஸ்டாட்டின் என்ற மருந்து, ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது, சாக்கடையையே அடைத்துவிடுகிறது. அதாவது நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. கலிஃபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த டென்னிஸ் கார்சனும் எர்னஸ்ட் பாய்ட்லரும் வேறு தந்திரம் செய்தார்கள். டிஆக்ஸிஅடினோசின் மூலக்கூறில் ஒரே ஒரு குளோரின் அணுவைப் பொருத்தினால் போதும், நொதியால் அதைச் சிதைக்க முடியாது. இதுவே கிளாட்ரிபின். குழாய் வழியே ஏழு நாள் இடைவிடாமல் ஏற்றினார்கள். 12 நோயாளிகளில் 11 பேருக்கு நோயின் சுவடே தெரியவில்லை என்று 1990-இல் அறிவித்தார்கள். ஒரே ஒரு வாரச் சிகிச்சை! மருத்துவ வரலாற்றில் இத்தகைய வெற்றி அடிக்கடி நிகழ்வதில்லை.

இதிலும் தொல்லை உண்டு. மருந்து நல்ல லிம்ஃபோசைட்டுகளையும் விட்டுவைப்பதில்லை. பல மாதங்கள் தொற்றுநோய்க்கு அஞ்சியே இருக்கவேண்டும். எனவே தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு மருத்துவர்கள் மருந்தே தராமல் அவ்வப்போது இரத்தத்தை மட்டும் சோதித்து வருவதும் உண்டு. சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து நோய் திரும்புகிறது. அப்போது அதே மருந்தை மீண்டும் தரலாம்.

அதற்கும் மசியாத நோய்க்கு? 2011-இல் இத்தாலியின் பெருஜியா நகர விஞ்ஞானிகள் ரோமச் செல்லின் டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். ஏறத்தாழ எல்லா நோயாளிகளிடமும் 'பிராஃப்' என்ற ஜீனில் ஒரே எழுத்துப் பிழை! 'பெருகு, பெருகு' என்ற கட்டளை ஓயாமல் பிறப்பது அதனால்தான். மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலும் பலருக்கு இதே பிழை உண்டு. அதை அடக்க வெமுராஃபெனிப் என்ற மாத்திரை ஏற்கெனவே தயாராகியிருந்தது. அந்த மாத்திரையுடன் ரிட்டுக்ஸிமாப் என்ற எதிர்ப்பொருள் ஊசியையும் சேர்த்து, வேறு மருந்துகளுக்குப் பிறகும் நோய் நீங்காத அல்லது திரும்பிவந்த 30 பேருக்குத் தந்து பார்த்தார்கள். அவர்களில் 26 பேருக்கு நோய் முழுதும் அடங்கியது என்ற முடிவு 2021-இல் வெளியாயிற்று.