பி.எஃப். பணத்தில் வாடகை வீடு: எடுக்கும் முன் ஒரு கணக்கு

ஓய்வு பெற்ற பின் மாதம் பிறந்தால் வாடகை கைக்கு வர வேண்டும் என்பது தனியார் துறை ஊழியர்கள் பலரின் ஆசை. அது நியாயமான ஆசை. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் 1,000 ரூபாய்தான். அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. அதனால்தான் வாடகைக்கு விட முதல் வீடு தேடுபவர்களின் கண் பி.எஃப். இருப்பின் மீது விழுகிறது.

விதி என்ன சொல்கிறது?

வீடு வாங்கவும் கட்டவும் வீட்டுக்கடனை அடைக்கவும் பி.எஃப். கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். கடையோ அலுவலகமோ வாங்க முடியாது. குடியிருப்பாக இருக்க வேண்டும். பத்திரம் உறுப்பினர் பெயரிலோ, கணவன் அல்லது மனைவி பெயரிலோ, இருவர் பெயரிலுமோ இருக்கலாம். பணம் எடுக்கும் 13 விதிகளை மூன்று பிரிவுகளாகச் சுருக்கவும், 12 மாதப் பணி இருந்தாலே அனுமதிக்கவும், 25 சதவீதத்தைக் கணக்கிலேயே நிறுத்திவைக்கவும் 2025 அக்டோபரில் பி.எஃப். நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. எடுத்த பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. வசதியும் ஆபத்தும் இதில்தான் இருக்கின்றன.

கையிலிருந்து எவ்வளவு போகும்?

தமிழ்நாட்டில் 50 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய வீட்டை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். இந்த அளவுக் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் வரம்பு 80 சதவீதம். அதாவது 40 லட்சம். மீதி 10 லட்சத்துடன், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்த 9 சதவீதம், 4.5 லட்சம், நம் பொறுப்பு. 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். வாடகை 15,000 வந்தாலும் மாதம் 19,700 ரூபாய் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். சொத்து வரியும் பராமரிப்பும் தனி. வீடு பூட்டிக் கிடக்கும் மாதத்தில் தவணை முழுவதும் நம் தலையில்.

எதை இழக்கிறோம்?

2024-25க்கு பி.எஃப். வட்டி 8.25 சதவீதம். இதே வட்டி நீடித்தால், இன்று எடுக்காமல் விடும் 10 லட்சம் 20 ஆண்டுகளில் ஏறக்குறைய 48.8 லட்சமாகும். மேலே சொன்ன வீட்டின் ஆண்டு வாடகையோ விலையில் 3.6 சதவீதம்தான். வீட்டின் விலை ஏறலாம். எவ்வளவு ஏறும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். இன்னொன்று, கடனுக்காக பி.எஃப். இருப்பை நீதிமன்றம்கூட ஜப்தி செய்ய முடியாது. அந்தப் பணம் வீடாக மாறியதும் அந்தக் காப்பு போய்விடும். தொடர்ந்து ஐந்து ஆண்டுப் பணி முடியும் முன் எடுத்தால் வருமான வரியும் உண்டு.

யார் எடுக்கலாம்?

குடியிருக்கச் சொந்த வீடு, வேறு கடன் இல்லாத நிலை, ஆறு மாதத் தவணைக்கான ரொக்கம், ஓய்வுக்கு இன்னும் பல ஆண்டுகள்: இவ்வளவும் உள்ளவர்கள் இருப்பில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கலாம். எடுத்த மாதத்திலிருந்தே பி.எஃப். கணக்குக்கான விருப்பப் பங்களிப்பை உயர்த்தி அந்தப் பள்ளத்தை நிரப்பத் தொடங்க வேண்டும். தவணையோடு அந்தத் தொகையையும் கட்டச் சம்பளம் இடம் கொடுக்கவில்லை என்றால், அந்த வீட்டுக்கு இன்னும் காலம் வரவில்லை.